உடலினுள் ஒரு காவலன்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், மருத்துவமும் பொறியியலும் கைகோத்து நிற்கும் ஒரு துறையைப் பற்றியது. மனித உடலுக்குள்ளேயே சிறு கருவியொன்றைப் பொருத்தி, உள்ளே நடப்பதை இடையறாது அறிந்துகொள்வதும், வேண்டும்போது அக்கருவியைக் கொண்டே சிகிச்சை செய்வதும் இன்று இயலுகின்றன. உள்ளிருந்து உணர்ந்து சொல்லும் இக்கருவிகளுக்கு ‘உணரிகள்’ என்று தமிழில் பெயர் வழங்கி வருகிறது. பொருத்தமான பெயர்தான்.

உடலுக்குள் கருவியை வைக்க வேண்டிய தேவைதான் என்ன? நோயாளி மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் நேரம் பத்து நிமிடம். நோயோ இருபத்துநான்கு மணி நேரமும் அவருடனேயே இருக்கிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை மயங்கி விழுகின்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். விழுந்த அன்று வீட்டில் மருத்துவர் இல்லை. மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றால், இதயத்தின் மின்னலைப் படம் யாதொரு குறையும் காட்டுவதில்லை. திருடன் வந்துபோன பிறகு காவலர் வந்து தெருவைப் பார்ப்பது போன்றதுதான் இது. திருடன் வரும் நேரத்தில் விழித்திருக்கும் காவலன் ஒருவன் வேண்டும். அவன் வீட்டிற்குள்ளேயே இருத்தல் நன்று.

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுத்துரைக்கிறார். நோயுற்றவன், அதைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் எல்லாரும் எண்ணுவார்கள். நான்காமவனையும் மறவாது சேர்த்ததில்தான் வள்ளுவரின் நுட்பம் இருக்கிறது. மருத்துவர் வீடு சென்ற பிறகு, நள்ளிரவில் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவன் அவன். இன்று நாம் பேசப்போகும் உணரி, அந்த நான்காமவனின் வேலையில் ஒரு பகுதியைத் தன் தலைமேல் போட்டுக்கொள்ளும் பொறியாகும். எந்தப் பகுதியை அதனால் செய்ய இயலும், எதனைச் செய்ய இயலாது என்பதை இப்பேச்சின் முடிவில் நீங்களே தீர்மானிக்கலாம்.

இடைவிடாத கண்காணிப்பு என்பது, நான் வாழும் தாம்பரம் பகுதிக்குப் புதிய செய்தியன்று. மின்சார இரயிலில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வருவோர், குரோம்பேட்டையைக் கடந்ததும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையப் பெயர்ப்பலகையைக் காண்பர். காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தையே சானடோரியம் என்பர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் தமிழர், பன்னிரண்டே படுக்கைகளுடன் இங்கு அதனைத் தொடங்கினார். அவர் முன்னர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய மருத்துவ இல்லம் ஒன்றை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் நோயுற்றிருந்தபோது அங்கே சில காலம் அவரிடம் சிகிச்சை பெற்றார். 1937இல் தாம்பரத்து மருத்துவமனை அரசாங்கத்தின் வசமாயிற்று. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக விளங்குகிறது.

காசநோய்க்கு மருந்து காணப்படாத அக்காலத்தில் மருத்துவர்களின் கையில் இருந்தவை தூய காற்று, நல்லுணவு, ஓய்வு, கண்காணிப்பு ஆகியவையே. சானடோரியங்களில் நோயாளியின் வெப்பநிலையை நாள்தோறும் பலமுறை அளந்து, வரைபடத் தாளில் புள்ளியிட்டுக் கோடு இழுப்பது செவிலியரின் கடமை. அக்கோடு மாலைதோறும் ஏறுகிறதா, வாரந்தோறும் தாழ்கிறதா என்பதைக் கொண்டே நோயின் போக்கை மருத்துவர் அறிந்தார். ஒரு தனி எண்ணைவிட எண்களின் வரிசை அதிகம் பேசும் என்னும் உண்மை அந்தத் தாளில் இருந்தது. இன்றைய உணரிகள் யாவும் அந்தத் தாளின் வழித்தோன்றல்களே.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பது சிறந்ததா, ஏழையின் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் போதுமா என்று அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு பயன் தருகிறது என்று 1959இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்கினார் என்பதற்கு என்ன உறுதி? அதற்காக அவர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சுவடு உள்ளதா என்று பார்த்தனர். நோயாளி மருத்துவமனையை விட்டு வீட்டுக்குச் சென்றவுடன், ‘உள்ளே என்ன நடக்கிறது?’ என்ற கேள்வி எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு நம் நகரமே சான்று. மருத்துவம் வீட்டை நோக்கி நகர நகர, உணரியின் தேவையும் வளர்கிறது.

இனி உணரியின் கதைக்கு வருவோம். அது இதயத்தில்தான் தொடங்குகிறது. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் ஆகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னர், இதயத்தின் மேலறையில் உள்ள ஒரு சிறு திசுக்கூட்டத்திலிருந்து மெல்லிய மின்னதிர்வு ஒன்று புறப்பட்டுக் கீழறைகளுக்கு ஓடுகிறது. அந்தப் பாதை பழுதுபட்டால் மேலறை இட்ட கட்டளை கீழறைக்கு எட்டாது. துடிப்பு மிகவும் மெலிந்து, மூளைக்குக் குருதி குறைந்து, மனிதர் மயங்கி விழுவார்.

சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவர் இந்நோயால் வாடினார். ஒரே நாளில் இருபது, முப்பது முறை மயங்குவார். அவருடைய மனைவி, ருனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளரையும் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவரையும் விடாது அணுகி, உடலுக்குள் வைக்கத்தக்க துடிப்பூட்டும் கருவியொன்றைச் செய்து தருமாறு வற்புறுத்தினார். முதலில் மறுத்தவர்கள் பின்னர் இசைந்தார்கள். இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரு மின்கலமும் கொண்ட சிறு சுற்றைப் பிசினில் வார்த்தெடுத்தார்கள். அதற்கு அச்சாகப் பயன்பட்டது காலணிக்குப் பூசும் பாலிஷ் டப்பா என்று சொல்வார்கள்! 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் அது லார்சனின் உடலில் பொருத்தப்பட்டது. சில மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. மாற்றாகச் செய்து வைத்திருந்த இரண்டாவது கருவியை வைத்தனர். அதுவும் நெடுநாள் உழைக்கவில்லை. ஆனால் அவர்கள் கைவிடவில்லை. தம் வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாக இருபத்தாறு கருவிகளைப் பெற்ற லார்சன், 2001ஆம் ஆண்டு, தமது எண்பத்தாறாம் வயதில், இதய நோயாலன்றி வேறொரு நோயால் காலமானார். அவரைக் காத்த பொறியாளரும் மருத்துவரும் அதற்கு முன்னரே மறைந்துவிட்டனர்.

இந்த முதற்கருவி துடிப்பை ஊட்டியதேயன்றி, எதையும் உணரவில்லை. இதயம் தானே துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அது தன் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். பாடகர் எந்தத் தாளத்தில் பாடுகிறார் என்று கேளாமலே மிருதங்கம் வாசிப்பவரைப் போன்றது அது. அவ்வாறு வாசித்தால் கச்சேரி கெடும். இதயத்திலோ உயிருக்கே ஆபத்து நேரலாம். 1960களில் இக்குறை நீக்கப்பட்டது. புதிய கருவி முதலில் காது கொடுத்துக் கேட்டது. இதயம் தானாகத் துடித்தால் வாளாவிருந்தது. துடிப்பு வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் மட்டும் ஒரு தட்டுத் தட்டியது. செயற்படுவதற்கு முன்னர் கேட்டுணர்வது என்னும் இந்தப் படிதான், துடிப்பூட்டியை உணரியாக ஆக்கிற்று.

1980களில் மற்றொரு படி. மாடிப்படி ஏறும்போது நம் இதயம் விரைகிறது, உறங்கும்போது தணிகிறது. கருவிக்கு நாம் ஏறுவதும் உறங்குவதும் எவ்வாறு தெரியும்? அழுத்தினால் மின்னழுத்தம் தரும் ஒருவகைப் படிகம் உண்டு. அதனைக் கருவியின் கூட்டினுள் ஒட்டிவைத்தனர். உடல் அசையும்போது படிகம் அதிர்கிறது, அதிர்வு மின்குறியாகிறது, குறி மிகுந்தால் கருவி துடிப்பை விரைவாக்குகிறது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1980 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மிஷெல் மிரோவ்ஸ்கி வடிவமைத்த வேறொரு கருவி முதன்முதலாக மனித உடலில் வைக்கப்பட்டது. இதயம் தாளம் தவறி வெறுமனே நடுங்கத் தொடங்கினால், அதை உணர்ந்து உடனே மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்குவது அதன் வேலை. தம் தலைமை மருத்துவர் அத்தகைய நடுக்கத்தால் திடீரென மாண்டதைக் கண்ட மிரோவ்ஸ்கி, அந்தத் துயரத்திலிருந்தே இக்கருவியைக் கருக்கொண்டார்.

இவற்றுக்கெல்லாம் மின்கலம் வேண்டும். 1970களில் வந்த லித்தியம் மின்கலங்கள் கருவியின் ஆயுளைப் பல ஆண்டுகளுக்கு நீட்டின. உடலின் உப்பு நீர் பல உலோகங்களை அரிக்கவல்லது. ஆதலின் கூட்டினைத் துருவேறாத டைட்டானியத்தால் செய்தனர். இன்று இரண்டு கிராம் எடை கூட இல்லாத, மாத்திரை உறை அளவேயான துடிப்பூட்டி ஒன்றை, தொடைச் சிரையின் வழியாகக் கொண்டுசென்று இதயத்தின் உள்ளேயே நிறுத்திவிடுகின்றனர்.

மின்கலமே இல்லாத உணரியும் உண்டு என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அது வேலை செய்யும் விதத்தை, வானொலி கேட்கும் உங்களுக்கு விளக்குவது எளிது. பழைய வானொலிப் பெட்டியில் நிலையத்தைத் தேடத் திருகினைத் திருப்புகிறோமே, அப்போது உள்ளே நடப்பது என்ன? ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த சுற்று அங்கே இருக்கிறது. மின்தேக்கியின் அளவை மாற்றினால், அச்சுற்று எந்த அலைவரிசைக்கு ஒத்திசைகிறது என்பதும் மாறும். வீணையின் தந்தியை முறுக்கினால் சுருதி மாறுவது போலத்தான். அதே சுருளையும் மின்தேக்கியையும் காகிதக் கவ்வி அளவுக்குச் சுருக்கி, நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் வைத்துவிட்டனர். குருதியின் அழுத்தம் கூடும்போது மின்தேக்கியின் தகடுகள் சற்றே நெருங்குகின்றன, சுருதி மாறுகிறது. நோயாளி நாள்தோறும் வீட்டில் ஒரு தலையணைமேல் சாய்ந்துகொண்டால் போதும். தலையணையிலுள்ள அலைவாங்கி உள்ளே ஓர் அலையை அனுப்பி, எந்தச் சுருதியில் எதிரொலி வருகிறது என்று கேட்டு, அழுத்தம் இவ்வளவு என்று கணக்கிடுகிறது. திருகினைத் திருப்புவது நம் கைக்குப் பதிலாக நோயாளியின் குருதியே!

இதனால் விளையும் பயன் யாது? இதயம் தளர்ந்த நோயாளிக்குக் கால் வீங்கி, மூச்சுத் திணறி, அவசரமாக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் நிலை வருவதற்குப் பல நாட்கள் முன்னரே அந்தத் தமனியில் அழுத்தம் ஏறத் தொடங்கிவிடுகிறது. அந்த ஏற்றத்தைக் கண்டவுடன் நீர் பிரியும் மருந்தைச் சற்றே கூட்டினால், திணறல் வராமலே தடுக்கலாம். அமெரிக்காவில் 550 நோயாளிகளிடம் இதனைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாத காலத்தில், இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர வேண்டிய தேவை, உணரியின் அளவுகளைப் பார்த்து மருந்து கொடுக்கப்பட்டோரிடையே நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இங்கே ஒன்றை மனத்தில் இருத்துங்கள். உணரி எல்லா நோயாளிகளின் உடலிலும் இருந்தது. ஆனால் ஒரு சாராரின் அளவுகளை மட்டுமே மருத்துவர்கள் பார்த்தனர். பயன் விளைந்தது பார்க்கப்பட்டவர்களிடமே. கருவி நோயைத் தீர்ப்பதில்லை. கருவி சொன்னதைக் கேட்டு ஒருவர் செயற்படும்போதுதான் நோய் தணிகிறது.

அடுத்து, நம் நாட்டிற்கு மிக நெருங்கிய நீரிழிவு நோய்க்கு வருவோம். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்த பேராய்வு 2023இல் தெரிவித்தது. இந்நோய்க்கெனத் தனிப் பிரிவைச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். அக்காலத்தில் சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்ப்பதே சோதனை. பின்னர் விரல் நுனியைக் குத்திக் குருதித் துளி எடுக்கும் முறை வந்தது. 1962இல் லேலண்டு கிளார்க் என்பவர், குளுக்கோஸை மட்டும் தேர்ந்து வினைபுரியும் ஒரு நொதியை மின்முனையோடு இணைத்து, சர்க்கரையின் அளவை மின்னோட்டமாக மாற்றிக் காட்டினார். அந்தக் கருத்தின் வளர்ச்சியாக 1999இல், தோலின் கீழ் நுண்ணிழை ஒன்றைச் செருகி இரவும் பகலும் அளக்கும் கருவி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று புயத்தில் ஒட்டிக்கொள்ளும் அத்தகைய உணரிகளை நம் ஊர்களிலும் காண்கிறோம். முழுவதுமாகத் தோலுக்கடியில் புதைத்துவைக்கும் உணரியும் உண்டு. அதில் சர்க்கரையின் அளவுக்கேற்ப ஒளிரும் ஒரு பொருள் பூசப்பட்டிருக்கிறது. 2018இல் தொண்ணூறு நாட்களுக்கென்று அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அவ்வகை உணரி, 2024இல் ஓராண்டுக்காலம் உள்ளேயே இருக்கத்தக்கதாக வளர்ந்தது.

செவி கேளாத குழந்தைகளுக்கு உட்செவியில் பொருத்தப்படும் கருவியையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். ஒலியை வெளியே வாங்கி, அதனை மின்குறிகளாக மாற்றி, நேரே செவி நரம்புக்குக் கொடுப்பது அது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சையைத் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றிருக்கிறது. இதயமுடுக்கி பொருத்துவதும் அத்திட்டத்தில் அடங்கும். செல்வர்க்கே உரியவையாகத் தொடங்கும் கருவிகள் எளியோர்க்கும் கிட்டுவது, அரசும் மக்களும் விழைந்தால் இயலும் என்பதற்கு இது சான்று.

இவ்வளவு நன்மை இருக்கும்போது இடர் ஒன்றும் இல்லையா? உண்டு. அவற்றையும் மறையாது சொல்வதே ஆசிரியன் கடமை.

முதலாவது, உடலின் இயல்பு. முள் தைத்தால் அதைச் சுற்றிச் சீழ் கட்டுவதுபோல, உள்ளே வைத்த எப்பொருளையும் உடல் அயலாராகவே கருதி, சுற்றிலும் நார்த்திசுச் சுவர் எழுப்புகிறது. சுவர் தடித்தால் உணரிக்குச் செய்தி சரியாக எட்டாது. குளுக்கோஸ் உணரிகள் இதயமுடுக்கியைப்போல் நெடுங்காலம் உழைக்காமைக்கு இது ஒரு பெருங்காரணம்.

இரண்டாவது, பாதுகாப்பு. உடற்கருவிகள் வெளியே பேசுவதற்கென்று 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை பல நாடுகளில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அலை வழியே பேசும் எதனையும் அயலார் ஒட்டுக்கேட்கலாம். 2008இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஆய்வுக்கூடத்தில் ஓர் இதயக் கருவியுடன் அனுமதியின்றித் தொடர்புகொள்ள இயலும் என்று காட்டி எச்சரித்தனர். 2017இல் அந்நாட்டில் 4,65,000 இதயமுடுக்கிகளின் மென்பொருளை, இவ்வச்சம் கருதித் திருத்த வேண்டியதாயிற்று. வீட்டின் கதவுக்குப் பூட்டுப் போடும் நாம், நெஞ்சின் கதவைத் திறந்து வைக்கலாகாது. அன்றியும், என் இதயம் எவ்வாறு துடிக்கிறது என்ற செய்தி எனக்கு உரியது. என் இசைவின்றி அதனை வணிகர் எவரும் கைக்கொள்ளலாகாது. நம் நாட்டிலும் 2023இல் தனிமனிதத் தரவுகளின் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. அதனைக் கேட்டுப் பெறும் குடிமக்களும் வேண்டும்.

மூன்றாவது இடர்தான் நம் வீடுகளில் மிகுதியாகக் காண்பது. அது கருவியின் குறையன்று, நம் மறதி. சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. முதல் சில ஆண்டுகள் தவறாது பரிசோதனைக்குச் சென்றார். பின்னர்க் கணவர் மறைந்தார். மகன் வேலை நிமித்தம் வெளியூர் சென்றார். ‘கருவிதான் வைத்தாயிற்றே, இனி என்ன கவலை?’ என்று வீட்டார் இருந்துவிட்டனர். நான்கு ஆண்டுகள் யாரும் அதனைச் சோதிக்கவில்லை. பதினோராம் வகுப்பில் படிக்கும் பேரன், பௌதிகப் பாடத்தில் ஏதோ ஐயம் கேட்க என்னிடம் வருபவன். மின்கலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ‘ஐயா, பாட்டியின் நெஞ்சில் இருக்கும் மின்கலம் எத்தனை ஆண்டு தாங்கும்?’ என்று கேட்டான். ‘கருவியுடன் ஓர் அட்டை கொடுத்திருப்பார்களே, அதைக் கொண்டு வா’ என்றேன். அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் அந்த அட்டை இருந்தது. பொருத்திய தேதி, கருவியின் எண், எல்லாம் அதில் இருந்தன. அந்த வாரமே பாட்டியை அவன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். நெஞ்சின்மேல் ஒரு வட்டத் தலையுள்ள கருவியை வைத்துப் பார்த்தார்கள். மின்கலம் தன் கடைசி மாதங்களில் இருப்பதைக் கருவி ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது. அதைக் கேட்பார்தாம் இல்லாமல் இருந்தனர். அடுத்த மாதம் கருவியை மாற்றினார்கள். இன்று மாலையில் அம்மூதாட்டி வாசலில் அமர்ந்து பூத்தொடுக்கிறார். அவரைக் காத்தது டைட்டானியமா, பேரன் கேட்ட கேள்வியா? இரண்டுந்தான் என்பேன். ஆயினும் முதலில் வந்தது கேள்வி.

ஆகையால் மாணவர்களே, உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ இத்தகைய கருவி உடையவர் இருந்தால் சிலவற்றைச் செய்யுங்கள். அட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனை நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கைப்பேசியைச் சட்டைப்பையில் கருவியின்மேல் படும்படி வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சாண் தள்ளியிருப்பது நன்று. காந்தம் பொருந்திய படப்பிடிப்புக் கருவிக்குள் செல்லுமுன் மருத்துவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். மங்கலமற்ற பேச்சாயினும் இன்னொன்றும் கூறவேண்டும். இறந்தவரைத் தகனம் செய்யுமுன் இதயமுடுக்கியை அகற்றிவிட வேண்டும். தீயில் மின்கலம் வெடிக்கும். அவ்வாறு அகற்றிய கருவிகளைத் தூய்மை செய்து, வாங்க வகையற்ற ஏழை நோயாளிகளுக்குப் பொருத்திப் பயன் கண்ட ஆய்வொன்று மும்பையில் நடந்து, 2011இல் வெளியாயிற்று. ஒரே கருவியை மீண்டும் பயன்படுத்தலாமா என்பது குறித்துச் சட்டமும் மருத்துவ உலகமும் இன்னும் வழக்காடுகின்றன. ஆனால் கருவியின் விலை ஒருவருக்கும் உயிருக்கும் இடையே நிற்கும் வரையில் அவ்வழக்கு ஓயாது.

அவ்வழக்கை ஓயச் செய்யும் வழி ஒன்று உண்டு. நல்ல கருவிகளை மலிவாக இந்நாட்டிலேயே நாம் செய்வதுதான் அது. இதில் தென்சென்னைப் புறநகருக்கு ஓர் உரிமை உண்டு என்று நான் எண்ணுவதுண்டு. 1949இல் சி. ராஜம் என்ற பெருமகனார் தம் செல்வத்தைக் கொண்டு குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த அந்நாளில், விமானம், மோட்டார் வண்டி, மின்னணுவியல் ஆகியவற்றோடு, கருவியியலையும் அங்கே ஒரு தனிப் பாடமாக வைத்தனர். அளப்பதற்கென்றே ஒரு கல்வி! அங்கு விமானப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், ஏவுகணைப் பணிக்கு நடுவே, ஐதராபாத்தின் இதய மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து, குருதிக் குழாயில் வைக்கும் மலிவான வலைக்குழாய் ஒன்றை 1990களில் உருவாக்கினார். ஏவுகணைக்கென்று கற்ற உலோக அறிவு இதயத்திற்குப் பயன்பட்டது. கல்வியை நன்கு கற்றால் அது எங்கே போய்ப் பலன் தரும் என்று எவராலும் முன்கூட்டிக் கூற இயலாது.

நீங்கள் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், வேதியியல் கற்று, உடல் வெறுக்காத பூச்சு ஒன்றைக் கண்டுபிடிக்கலாம், சட்டம் கற்று, நோயாளியின் செய்தியைக் காக்கலாம். செவிலியராகி, எண்ணைப் பார்த்து மட்டும் அல்லாமல் முகத்தைப் பார்த்தும் நோயறியலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று குருதி அழுத்தமும் சர்க்கரையும் சோதித்தனர். அப்பெண்கள் வாசலில் வந்து, ‘சாப்பிட்டீர்களா அம்மா, மாத்திரை போட்டீர்களா?’ என்று கேட்பதை எந்த உணரியும் கேட்காது.

வள்ளுவர் கூறிய நான்காமவனை நினைவில் கொள்ளுங்கள். அவனுடைய விழிப்பை நாம் பொறிக்குக் கொடுத்துவிட்டோம். அது நம்மைவிட நன்றாகவே விழித்திருக்கிறது. உறங்குவதில்லை, சலிப்பதில்லை, மறப்பதுமில்லை. ஆனால் அது சொல்வதை ஒருவர் கேட்கவேண்டும். கேட்டதற்கு இரங்கவேண்டும். இரங்கியவர் எழுந்து சென்று ஏதேனும் செய்யவேண்டும். இம்மூன்றும் மனிதர் வேலையாகவே இருக்கின்றன. கருவிகளைச் செய்யும் அறிவையும், அவை சொல்வதைக் கேட்கும் நெஞ்சையும் ஒருங்கே வளர்த்துக்கொள்ளுங்கள்.